கடலை மறைத்த சுவர்

“கோயில் மேட்டுல நின்னா ஊருக்கே கடலு தெரியும். மொட்டை மாடியில ஆள் உசரத்துக்குச் சுவரு வெச்சி மறைச்சிட்டியே ரீட்டா! கடலு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?” என்று கேட்டேன்.

நான் கொடுத்த புகாருக்குத்தான் கொம்யூன் பஞ்சாயத்து அதிகாரி வந்திருந்தார். காசுள்ளவர்களை நான் நம்புவதில்லை. சுவரை இடிக்கவைக்காமல் விடுவதாக இல்லை.

“கடலோரம் வூடு கட்டிட்டு கடலையே மறைப்பாங்களாம்மா?” என்றார் அவர்.

ரீட்டா தலைகுனிந்தாள். “இடிச்சுடறேன் சார்.”

“காரணத்தைச் சொல்லுடி, எல்லாரும் கேக்கட்டும்!” என்று கத்தினேன்.

“மாடியில துணி காயவைக்கப் போனா, காலையில நீங்கள்லாம் கரையில குந்துறது தெரியுது பெரியப்பா. உங்களுக்குக் கூச்சமா இருக்குமேன்னுதான்...”

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“ஏன் பெரியவரே, சர்க்காரு உங்க வூட்ல கக்கூஸ் கட்டிக் குடுத்துச்சே?”

அதில் விறகு அடுக்கியிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வேன்?