நல்ல நகரம்

"ஒரு சிரிப்பாவது சிரிச்சிருக்கலாம் இல்ல?"

பேட்டி முடிந்து படியிறங்கும்போதே லாவண்யா ஆரம்பித்துவிட்டாள்.

கனிமொழி கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினாள்.

நகரத் திட்டமிடுபவர்களுக்காக இருவரும் சேர்ந்து நடத்தும் மாத இதழுக்கான பேட்டி அது. வேலைவாய்ப்பு, பயிற்சி வகுப்பு, புது விதிமுறைகள், துறைச் செய்திகள். இந்த மாத அட்டையில் ஸ்ரீநாத். 'தனிமையில்லாத நகரம்' என்ற கட்டுரைக்காக விருது வாங்கியவர். பேட்டி நடந்த அவர் அலுவலகம் அம்பத்தூரில்.

"எவ்வளவு அழகா சொன்னார்! பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைன்னா நமக்குத் தெரியணும், அதுதான் நல்ல நகரம்னு. நீ நிமிர்ந்துகூடப் பார்க்கல. அவருக்கு விருது கிடைச்சது உனக்குப் பொறாமை."

"உனக்கு ட்ரெயின் வந்துடும், கிளம்பு லாவண்யா."

அவள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. கனிமொழி ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

"பூந்தமல்லியா? அந்தாண்ட ஒரே தண்ணியா கீதும்மா, வண்டி நின்னுடும்."

நின்றது ஒரு கார்தான். கண்ணாடி இறங்கியது. ஸ்ரீநாத்.

"ஏறுங்கம்மா. நான் பூந்தமல்லி வரைக்கும் போறேன்."

தயங்கித்தான் ஏறினாள்.

"என்னம்மா, ரொம்ப சோர்வா இருக்கீங்க?"

"டெங்கு சார். போன மாசம். இன்னும் உடம்பு தேறல."

"அடடா. வீட்டுல யார் பார்த்துக்கிட்டாங்க?"

"யாரும் இல்ல சார். தனியாத்தான் இருக்கேன். அம்மா, அப்பா திருவண்ணாமலையில."

"அக்கம்பக்கத்துல?"

கனிமொழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தலை சுத்தி விழற மாதிரி இருந்துச்சு. எதிர் வீட்டு பெல் அடிச்சேன். உள்ள டிவி ஓடிக்கிட்டிருந்துச்சு. மறுபடி அடிச்சேன். டிவி சத்தம் குறைஞ்சது. கதவு திறக்கல."

"அப்புறம்?"

"சுவரைப் பிடிச்சுக்கிட்டே கீழ இறங்கினேன். வாட்ச்மேன்தான் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்."

ஸ்ரீநாத் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

"சே! இவங்கல்லாம் மனுஷங்களா? எழுந்து வந்து ஒரு கதவைத் திறக்க என்ன கேடு?"

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"என் நிலைமையும் அதேதான்," என்றார் ஸ்ரீநாத், குரல் இறங்கி. "மனைவியும் பொண்ணும் பெங்களூர்ல. ராத்திரி டிவி முன்னாடி தட்டோட உட்கார்ந்தா, ஏன்னு கேட்க ஆள் கிடையாது. எங்க அப்பார்ட்மென்ட்ல யாரும் யாரையும் கண்டுக்கறதே இல்லம்மா."

"ஆமா சார்."

பூந்தமல்லி பஸ் நிலையம் தாண்டியது.

"எங்க இறக்கி விடணும்னு சொல்லுங்க. இந்த மழையில நடக்க வேணாம், வாசலுக்கே கொண்டுபோய் விடறேன்."

"நீங்க எங்க இறங்குவீங்களோ, அங்கேயேதான் சார். நான் உங்க எதிர் வீடு."