மை வட்டம்

“புளிய விளாரு. சந்தேகமே வேண்டாம்” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். தடத்தைப் பார்த்து ஆயுதத்தைச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெரும்பாலும் சொந்த அனுபவம்.

தாலுக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஏழு வயது அம்சத்தின் இரண்டு கால்களிலும் கருஞ்சிவப்புப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. நேற்று சாயங்காலமே ஒவ்வொரு கொத்தையும் சுற்றி ஊதா மைப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டார் சப்-இன்ஸ்பெக்டர். பின்னால் கோர்ட்டில் யாரும் கூட்டிக் குறைத்துப் பேசக் கூடாதாம்.

வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிய குழந்தையை மிராசுதார் பஞ்சநதம் அடித்துவிட்டார் என்பது புகார். மகளின் காலைப் பார்த்துப் பதறிய செல்லதுரை, “யாருடி அடிச்சா?” என்று கேட்டான். “ஐயாதான்” என்றாள். மேற்கொண்டு யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கம் கொடி எடுக்கப் போய்விட்டது. செயலாளர் அவள் தோளைச் சுற்றிச் சிவப்புத் துண்டு போர்த்தி, ஊர்வலமாகவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டார்.

புகார் நின்றால் மிராசுதார் கம்பி எண்ண வேண்டும். நிற்காவிட்டால் செல்லதுரையின் குடிசை போய்விடும். அது இருந்தது மிராசுதார் மனையில்.

டாக்டர் ஹபீப் முகம்மது வந்தார். தஞ்சாவூரில் படிப்பை முடித்த சூடு இன்னும் ஆறாதவர். புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்ததும் அவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்தது.

“தடவினா மேடா தட்டுப்படுது. கணுக்கால் வீங்கியிருக்கு. ஏம்பா, பிள்ளைக்குச் சமீபத்துல தொண்டைவலி, சளி ஏதாவது வந்துச்சா?”

“வந்துச்சுங்க. கஷாயம் குடுத்தோம், போயிடுச்சு” என்றான் செல்லதுரை.

“வயித்த வலிக்குதாம்மா? மல்லாந்து படு, பார்ப்போம்.”

அம்சம் மல்லாந்தாள். உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒருக்களித்துவிட்டாள்.

“பார்த்தீங்களா, வயித்து வலி!” என்றார் டாக்டர், பரிசு விழுந்தவர் மாதிரி. துண்டை விலக்கப் போனவரைச் செல்லதுரை தடுத்தான். “அது சங்கத் துண்டுங்க. செயலாளர் கையால போர்த்தினது.” அரசியலில் கை வைக்க விரும்பாத டாக்டர், மறுபடி கால்களுக்கே திரும்பினார்.

“இன்ஸ்பெக்டர், நேத்து எல்லாத்துக்கும் வட்டம் போட்டீங்களா?”

“ஒண்ணு விடலை.”

“அப்ப இது என்ன? முழங்காலுக்கு மேல பூரா புள்ளி, வட்டமே இல்லாம இருக்கே.”

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். “ராத்திரி முளைச்சிருக்குங்க.”

“ராத்திரி வாசல்ல காவல் யாரு?”

“நம்ம கான்ஸ்டபிள்தான்.”

“அவரு கையில புளிய விளாரு இருந்துச்சா?”

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

“இது அடியே இல்லை. நேத்து எடுத்த ரத்தத்தைச் சோதிச்சுட்டேன், அதுல குறை இல்லை. தோலுக்கு அடியில இருக்கிற பொடிப்பொடி ரத்தக் குழாய்ங்க புண்ணாகிப் போய், ரத்தம் கசியுது. பிள்ளைங்களுக்கு வர்ற வியாதி. சளி பிடிச்சுப் போன பின்னாடி இப்படிக் காலைப் பிடிக்கும்.”

“பொழைச்சுக்குமா சாமி?” செல்லதுரைக்கு முதலில் வந்த கேள்வி அதுதான்.

“பெரும்பாலும் தானா ஆறிடும். சிறுநீரகத்துக்குப் போகாம மட்டும் பார்த்துக்கணும். கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்.”

வராந்தாவில் வக்கீலோடு காத்திருந்த மிராசுதார் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அவரைப் பார்த்ததும் சப்-இன்ஸ்பெக்டரின் முதுகு தானாக நிமிர்ந்தது. ஆட்சி மாறியதிலிருந்து எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் அவர் பட்ட பாடு இன்றோடு தீர்ந்தது.

“கேட்டியாடா செல்லதுரை? ரத்தக் குழாயாம்! ஊரைக் கூட்டி என் மானத்த வாங்கினியே, இப்ப உன் கொடிய அந்தக் குழாயில கட்டு. பொழுது சாயறதுக்குள்ள குடிசையப் பிரிச்சுடணும்.”

வெளியே ‘ஒழிக’ போட்டுக்கொண்டிருந்தவர்கள், யார் ஒழிய வேண்டும் என்ற குழப்பத்தில் நிறுத்திவிட்டார்கள். சங்கத்தில் சேர்ந்த நாளாகச் செல்லதுரை விட்டுவிட்டிருந்த வார்த்தை அவன் வாயில் வந்தது.

“ஆண்டே, பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லாத நேரத்துல…”

“புளுகுற பிள்ளைக்கு இடம் கிடையாது. மன்னிப்புக் கேக்கச் சொல்லு, அப்புறம் யோசிக்கிறேன்.”

செல்லதுரை மகளின் மோவாயைப் பிடித்தான். “தங்கம், ஐயா அடிக்கலைன்னு சொல்லிடுடா. நம்ம வீடு போயிடும்.”

“அடிச்சாருப்பா.”

“பாருங்க டாக்டர், உங்க முன்னாடியே புளுகுது!” என்றார் மிராசுதார்.

டாக்டர் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். “அம்சம், கால்ல இருக்கிறது வியாதிம்மா. யாரும் அடிச்சு வந்ததில்லை.”

அம்சம் அவரை வினோதமாகப் பார்த்தாள்.

“கால்ல அடிச்சாருன்னு நான் எப்பங்க சொன்னேன்? முதுகுலதான் அடிச்சாரு.”