ஈ மொய்க்கும் நேரத்துத் தேர்தல்

கறுப்புத் தோல் பட்டால் தண்ணீர் கலங்குமாம். குளத்தைச் சுற்றிப் பசுக்கள் வேலி போட்டுவிட்டன. வெயிலில் எருமைகளுக்கு முதுகு வெடித்தது. எருமைகளுக்காகப் பசுக்களின் குளச்சபையில் பேச ஓட்டு வாங்கிப் போன பெரியகொம்பன் எருமையோ, உதட்டை நக்கிக்கொண்டே திரும்பி வந்தான்.

"வேலியைப் பத்திக் கேட்டியாண்ணே?" என்றான் சுருட்டை எருமை.

"கேக்கத்தான் எந்திரிச்சேன். முன்னால பருத்திக்கொட்டையைக் கொட்டிட்டாங்க. வாய் நெறைய வெச்சுக்கிட்டு எப்படிடா பேசுறது?"

"கோடை முழுக்கவா மென்னுக்கிட்டிருந்தே?"

கூட்டம் சிரித்தது. கொம்பன் கனைத்தான். "சரி, அடுத்த தேர்தலை இப்பவே வெச்சுக்கலாம். நான்தான் வேணும்னா தலையை ஆட்டுங்க."

போன தடவையும் இப்படித்தான், ஈ மொய்க்கிற நேரம் பார்த்து ஓட்டெடுத்து ஜெயித்தான். இப்போதும் ஒரு ஈ சுருட்டையின் மூக்கில் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்தது.

"ஆட்டுடா!" என்றான் கொம்பன்.

சுருட்டைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டவில்லை.