எதிர்க்காற்றில் தலைமையாசிரியர்

நூறு கிலோமீட்டர் சைக்கிள் போட்டிக்குத் தலைமையாசிரியர் பேர் கொடுத்த சங்கதி பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். காலை அசெம்பிளியில் மைக்கைப் பிடித்து அவரே சொல்லிவிட்டார்.

"பயிற்சி கியிற்சி எல்லாம் சோம்பேறி சொல்ற சாக்கு. மனசு வெச்சா போதும். முடிச்சுட்டு, திங்கட்கிழமை இதே இடத்துல வந்து நிக்கிறேன், பாருங்க."

விளையாட்டு வாத்தியார் தயங்கித் தயங்கி, தினமும் கொஞ்சம் ஓட்டிப் பழகினால் நல்லது என்று சொல்லிப் பார்த்தார். உங்களுக்கு உடம்புதான் தெரியும், மனசைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு அவரை வாயடைக்க வைத்தாயிற்று. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனுஷனுக்கு இதெல்லாம் எதற்கு என்றாள் மனைவி. அதற்கு ஒரு முறைப்பு.

ஊர் வாய்க்குப் பயந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேக்கரி வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். ஓட்டியதைவிடத் தின்றதுதான் அதிகம்.

அது முட்டி மோதிக்கொண்டு ஓட்டுகிற போட்டி இல்லை. இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள். கடிகாரம்தான் எதிராளி. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு மறைந்து போகக் கூடாது. போனால் அது திருட்டு.

தலைமையாசிரியரைக் கடைசியாக அனுப்பினார்கள். திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து கையசைத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் கையசைக்கவும் ஆள் இல்லை.

பாதி வழியில் திரும்பியதும் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. தொடை விண்விண்ணென்று தெறித்தது. உட்காரும் இடம் பட்ட பாட்டை ஒரு தலைமையாசிரியர் வாயால் சொல்ல முடியாது. மனசு வைத்துப் பார்த்தார். சைக்கிள் அசைந்து கொடுக்கவில்லை. திங்கட்கிழமை அசெம்பிளி கண்ணுக்கு முன்னால் வரிசை வரிசையாக நின்றது. அழுகை முட்டியது. ரோட்டில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதும் வைத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு பஸ் நிழற்குடையில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் சைக்கிளைச் சாய்த்து வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆக, நம்மைவிட மட்டமாக ஒருத்தன் இருக்கிறான்.

இவரைக் கண்டதும் நீலச் சட்டைக்காரர் மளமளவென்று ஏறி, முன்னால் போக ஆரம்பித்தார்.

தலைமையாசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார். பரீட்சையில் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்த ஒரு மாணவியைப் போன மாதம்தான் அழ அழ வெளியே அனுப்பியிருந்தார். அதெல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. நைசாக நகர்ந்து அந்த முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். யாரோ கதவைச் சாத்தியது போலக் காற்று நின்றுபோனது.

முன்னால் போகிற ஆள் சரியான அசடு என்று தோன்றியது. ஒரு தடவைகூட அதட்டவில்லை, தள்ளிப் போகச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் திணறிய மேட்டில் எல்லாம் அவரும் தளர்ந்து போனார். பாவம், இவனுக்கும் தம் பத்தவில்லை என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

எல்லைக்கோடு கண்ணில் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு விருட்டென்று விலகினார். நீலச் சட்டைக்காரரை முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டினார். பின்னால் வந்த அசடு கை தட்டியது.

தரையில் மல்லாந்து கிடந்தபடியே மனைவிக்குப் போன் போட்டார். யார் தயவும் இல்லாமல் முடித்ததைச் சொன்னார். கடைசி ஆளாக வரவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னார். பிறகு எழுந்து, மேஜையை மடக்கிக்கொண்டிருந்த, நேரம் குறிக்கும் அம்மாவிடம் நொண்டிக்கொண்டே போனார்.

"அந்த நீலச் சட்டைக்காரர் எனக்குப் பின்னாடிதான் வந்தார். ரிசல்ட்ல மாத்திப் போட்டுடாதீங்க. எதுலயும் ஒரு நேர்மை வேணும், பாருங்க."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ரிசல்ட் போட்டு ரொம்ப நேரமாச்சு சார். முதல் பரிசே அவருக்குத்தான். கப்பை வாங்கிக்கிட்டுக் கிளம்பினவரு, எதிர்க்காத்துல இன்னும் ஒருத்தர் தனியா மாட்டிக்கிட்டிருக்கார்னு நாங்க பேசினதைக் கேட்டுட்டு, திரும்ப சைக்கிளை எடுத்துக்கிட்டு வந்த வழியே போனாரு. 'பின்னால ஒதுங்கிக்கங்கன்னு நாமளா சொன்னா, நேர்மையான மனுஷன், மாட்டேன்னுடுவாரோன்னு பயந்துகிட்டே இருந்தேன். நல்லவேளை, சொல்லாமலே வந்து ஒட்டிக்கிட்டாரு'ன்னு இப்பதான் சந்தோஷமா சொல்லிட்டுப் போறாரு."