கடைசிப் பட்டன்

மன்னார்குடி உரக்கடை அக்னஸிடமிருந்து காலையிலேயே போன்.

“தம்பி, மறுபடியும் எர்ரர். நேத்துப் போட்ட பில்லையெல்லாம் காணோம். பேசாம கார்பன் வச்சுக் கையாலயே எழுதிக்கறேன்.”

தஞ்சாவூரில் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்து ஜெரால்ட் எழுதிய முதல் புரோகிராம், அந்தக் கடைக்கு பில் போடும் புரோகிராம்தான். வைரஸ் பார்த்தாயிற்று, யூ.பி.எஸ். மாற்றியாயிற்று, புரோகிராமையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றியாயிற்று.

“சாயங்காலம் ஒழுங்கா நிறுத்துறீங்களாக்கா?”

“நிறுத்தாமயா வீட்டுக்குப் போவேன்?”

அன்றே பஸ் பிடித்துப் போய், கடை சாத்தும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். கடைசி பில் போட்டதும் அக்னஸ் குனிந்து யூ.பி.எஸ். சுவிட்சைப் பட்டென்று அணைத்தாள்.

“ஐயோ அக்கா, ஃபைலெல்லாம் திறந்து கிடக்கு, அப்படியே அணைச்சா பில்லெல்லாம் அழிஞ்சிடாதா! தமிழ்லயே ‘வெளியேறு’ன்னு பட்டன் வச்சிருக்கேனே, அதை அமுக்கிட்டுத்தானே அணைக்கணும்?”

அக்னஸ் குரலைத் தாழ்த்தினாள். “விளக்கு வைக்கிற நேரத்துல, சோறு போடுற மெஷினைப் பாத்து வெளியேறுன்னு எப்படி தம்பி சொல்றது? குவைத்துக்குக் கிளம்பின எங்க வீட்டுக்காரரைக்கூட ‘போயிட்டு வாங்க’ன்னுதானே அனுப்பி வச்சேன்?”

ஜெரால்ட் கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டு, அன்றைய பில்களை மீட்டுவிட்டு, அந்தப் பட்டனில் இருந்த எழுத்தை மட்டும் மாற்றினான்: ‘போயிட்டு வா’. அக்னஸ் அதை வாய்விட்டுப் படித்துவிட்டுத் தானே அழுத்தினாள்.

மறுநாள் காலை போன் அடித்ததும் பாய்ந்து எடுத்தான்.

“வந்திருச்சு தம்பி, நேத்துப் பில் ஒண்ணுகூடப் போகலை,” என்றாள் அக்னஸ். “இனிமே அவர்தான் வரணும்.”