அரை மூட்டைக் கல்லுப்பு

முதல் அடி என் தோளில் விழுந்தது.

அடித்தது என் தங்கை. இடது கையில் மண்வெட்டிக் கம்பு. வலது கை இன்னும் மாவுக்கட்டில் இருக்கிறது. அதை ஒடித்தது நான்தான்.

இடது கைக்கே இந்த வலி. ராட்சசி, சின்ன வயதிலிருந்தே சளைத்தவள் இல்லை.

போன மாதம் இதே வரப்பில் அவளைப் பிடித்தேன். விடிந்தும் விடியாத நேரம். என் பீட்ரூட் வயலில் நின்றுகொண்டு கல்லுப்பை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தாள்.

நிலத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அதோடு என் பயிரில் இலையெல்லாம் ஓரம் தீய்ந்து, பிழைக்குமோ பிழைக்காதோ என்று நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். உப்பைப் பார்த்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை.

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் கையிலிருந்த மண்வெட்டிக் கம்பை இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

மிச்சமிருந்த அரை மூட்டை உப்பை அங்கேயே விட்டுவிட்டு, கையைத் தாங்கிக்கொண்டு போனாள். அழக்கூட இல்லை, வீம்பு பிடித்தவள்.

பயிர் செத்துவிடும் என்றே காத்திருந்தேன். சாகவில்லை. மழைக்குப் பிறகு புது இலைகள் பளபளவென்று கிளம்பின.

உரக்கடைக்காரர் சிரித்தார். "உன் மண்ணுல பொட்டாஷ் சத்தே இல்லம்மா. பீட்ரூட்னா அதுக்குப் பதிலா உப்பை எடுத்துக்கிட்டுச் சமாளிச்சுக்கும். யாரோ விவரம் தெரிஞ்சவங்கதான் போட்டிருக்காங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

இரண்டாவது அடி முதுகில். நான் தடுக்கவில்லை. வாங்க வேண்டிய அடிதானே. எனக்கென்று இருப்பதும் இவள் ஒருத்திதான். அடித்துத் தீர்த்துவிட்டு என்னோடு பேசினால் போதும்.

மூன்றாவதில் வரப்பில் விழுந்தேன். வாயெல்லாம் மண்ணும் ரத்தமும்.

விழுந்த இடத்திலிருந்து அவளுடைய பீன்ஸ் வயல் தெரிகிறது. ஒரு செடி தேறாது. எல்லாம் கருகிச் சுருண்டு கிடக்கின்றன. ஓரத்தில் ஒரு காலி உப்பு மூட்டை. என் வயலில் அவள் விட்டுப்போன அதே மூட்டை.

"கையை ஒடிச்சது போதாதாக்கா? சோத்துலயும் மண்ணைப் போடணுமா?"

ஐயோ, அடியே.

நீ கட்டோடு வீட்டில் கிடந்தபோது உன் பீன்ஸ் இலையும் ஓரம் தீய்ந்துதான் இருந்தது. ஒரே நிலத்தைப் பிரித்ததுதானே இரண்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூட்டையை நானே சுமந்துகொண்டு போய், நீ எனக்குச் செய்ததை அப்படியே உனக்குச் செய்தேன். அங்கங்கே ஒரு கைப்பிடி கூடவே போட்டேன். பீட்ரூட்டுக்கு ஆகிற உப்பு பீன்ஸுக்கு ஆகாது என்று நான் கண்டேனா?

இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

கம்பு மறுபடியும் மேலே போனது.