பாதியில் நிற்கும் சாப்பர்

பழைய புல்லட்டை அறுத்து, முன்சக்கரத்தை முழநீளம் முன்னால் தள்ளி, நீட்டி நிமிர்ந்து போகிற சாப்பர் வண்டியாக்கிவிட வேண்டும் என்பது கருணாகரனின் ஆசை. அத்தனை நீள வண்டி கோத்தகிரிக் கொண்டை ஊசி வளைவில் திரும்பாது என்பது பாதி வேலை முடிந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அன்றிலிருந்து அது விறகுக் கொட்டகையில் கிடக்கிறது.

“வித்துத் தொலைங்க” என்று மனைவி பங்கஜம் நச்சரித்த நச்சரிப்பில், இன்று மேட்டுப்பாளையத்திலிருந்து சுப்பண்ணன் வண்டி பார்க்க வந்துவிட்டார்.

விற்க மனசில்லாத கருணாகரன் வண்டியின் குறைகளாக அடுக்கினார். “வயரிங்ல இன்னும் கையே வெக்கலீங்க.”

“நல்லதுங்க.”

“இன்ஜினை மறுக்காப் பிரிக்கோணும். டேங்க்கும் சேர மாட்டேங்குது.”

சுப்பண்ணன் முகம் மலர்ந்தது. “எப்படியும் ரண்டு மூணு வருசம் இழுக்குமுங்களா?”

“அதுக்கு மேலயும் இழுக்குமுங்க.”

“அப்ப இதையே எடுத்துக்கறனுங்க.”

கருணாகரன் திருதிருவென விழித்தார். காபி கொண்டுவந்த பங்கஜத்துக்கே பொறுக்கவில்லை.

“ஏனுங்ணா, ஓடாத வண்டிய வெச்சுட்டு என்ன பண்ணப் போறீங்க?”

“சீக்கிரம் முடியாத வண்டியாப் பாத்து வாங்கிட்டு வாங்கன்னு எங்கூட்டுக்காரிதானுங்க அனுப்பி வெச்சா. போன மாசம் ரிட்டயர் ஆனேன். அன்னையிலிருந்து அடுப்படியிலயே நின்னு, கொழம்புக்கு உப்பு பத்தலைன்னு சொல்லிக்கிட்டு இருக்கறனாமா.”

பங்கஜம் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். வருகிற வெள்ளிக்கிழமை டீ ஃபேக்டரியில் அவருக்குப் பிரிவு உபசார விழா.

“காபியைக் குடிச்சுட்டுப் போங்ணா” என்றாள். “வண்டி விக்கறதுக்கில்லீங்க.”